நீண்ட சிகிச்சைக்கு ஒரு துணை: அஞ்சல்தலை சேகரிப்பு

வாரக்கணக்கில் மருத்துவமனையில் தங்கும் பிள்ளைகளுக்கு, நாளை என்றாலே ஊசியும் பரிசோதனையுமே நினைவுக்கு வருகின்றன. ஆவலோடு எதிர்பார்க்க வேறொன்றும் வேண்டும் என நாங்கள் கருதுகிறோம். அஞ்சல்தலை சேகரிப்பு அதற்கு எளிய வழி.

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். 1806ஆம் ஆண்டின் வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சிக்கு 2006இல் நினைவு அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. ஆம்பூர், இராணிப்பேட்டை தோல் ஏற்றுமதி நிறுவனங்களில் உறவினர் பணிபுரிந்தால், அயல்நாட்டுக் கடித உறைகளைக் கேட்டுப் பாருங்கள்.

அஞ்சல்தலையை உரிக்காதீர்கள். சுற்றியுள்ள தாளோடு கத்தரித்து, வெதுவெதுப்பான நீரில் கால்மணி நேரம் ஊறவிட்டால், பசை கரைந்து தானே விலகும். நிழலில் உலர்த்தி ஆல்பத்தில் வையுங்கள். இரண்டாக இருப்பவற்றைப் பிறரோடு மாற்றிக்கொள்ளலாம். ஓரம் கிழிந்தவற்றுக்கு மதிப்புக் குறைவு. அதனை முன்பே சொல்லிவிடுவதே முறை.

ஓர் எச்சரிக்கை: வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில், தூசு படிந்த பழைய உறைகளைப் பிள்ளைகள் தொடலாகாது. ஊறவைப்பதை உடனிருப்போர் வேறிடத்தில் செய்து, உலர்ந்தவற்றை ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையிலிட்டுத் தந்தால், பிள்ளைகள் அடுக்கி மகிழ்வர். முன்னும் பின்னும் சோப்பிட்டுக் கைகழுவுதல் கட்டாயம். ஐயம் எழுந்தால் செவிலியரைக் கேளுங்கள்.