தாளில் நின்ற எழுத்தும் நீங்கிய எழுத்தும்

பழைய நாணயத்தாள்களைச் சேர்ப்போரிற் பெரும்பாலார் அருமை பற்றிச் சேர்ப்பர். சிலர் சித்திர அழகு பற்றிச் சேர்ப்பர். நான் எழுத்துப் பற்றிச் சேர்ப்பவன். இலக்கணம் படிப்பித்தே ஐம்பது வயதைக் கடந்துவிட்ட ஒருவனுக்கு, ஒரு தாளைக் கையிலெடுத்தவுடன் அதன் தொகையை விட, அத்தொகை எந்தெந்த மொழியில் எழுதப்பட்டிருக்கின்றது என்பதே முதலிற் கண்ணிற் படும் போலும். என் சேகரம் சிறியது. கீழைத்தேயக் கல்லூரி ஆசிரியன் ஒருவனுடைய வேதனத்துக்கு அடங்கியது. பாகிஸ்தான் என்னும் புதிய நாடு தன் தொடக்க ஆண்டுகளில் வழங்கிய தாள்களும், அதனின்றும் பின்னர்ப் பிரிந்த வங்காளதேசத்தின் முதல் தாள்களுமே அதிற் பெரும்பகுதி.

1947 ஓகஸ்ட் மாதத்தில் பாகிஸ்தான் பிறந்தபோது அதற்கெனத் தனி நாணயத்தாள் இல்லை. அதனை அச்சிடும் கூடமும் இல்லை. ஆதலின் இந்திய றிசேர்வ் வங்கியே சிறிது காலம் இரு நாடுகளுக்கும் பொது வங்கியாக இருப்பதென ஏற்பாடாயிற்று. ஒரு வீட்டிற் பாகம் பிரிந்த சகோதரர் இருவருக்கும் ஒரே திறப்பு என்பது போன்ற இவ்வேற்பாடு நெடுநாள் நீடிக்குமா? கையிருப்புப் பணத்திற் பாகிஸ்தானுக்குரிய பங்கு 75 கோடி ரூபா. அதில் 55 கோடி காசுமீரப் பூசல் காரணமாக நிறுத்தப்பட்டு, 1948 ஜனவரியில் காந்தியடிகளின் உண்ணா நோன்பின்போதே விடுவிக்கப்பட்டது. நம்பிக்கை தளர்ந்தது. குறித்த தவணைக்கு முன்னதாகவே, 1948 ஜூலை 1 ஆம் நாள், கராச்சியில் பாகிஸ்தான் அரச வங்கியை ஜின்னா திறந்துவைத்தார்.

இதற்கிடையில், 1948 ஏப்ரில் முதலாந் திகதி வெளிவந்தவையே சேர்ப்போர் இன்று தேடியலையும் தாள்கள். இவை நாசிக்கில் அச்சான இந்தியத் தாள்களே. ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் முகம், றிசேர்வ் வங்கியின் பெயர், இந்திய எண்வரிசை யாவும் அவ்வாறே இருக்க, வெற்றிடத்தில் ‘பாகிஸ்தான் அரசாங்கம்’ என ஆங்கிலத்திலும், ‘ஹுகூமத்-எ-பாகிஸ்தான்’ என உருதுவிலும் பொறித்திருந்தனர். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து, நூறு என ஐந்து பெறுமதிகளில் இவை வந்தன.

இத்தகைய பத்து ரூபாத் தாள் ஒன்றை ஒருமுறை வகுப்புக்குக் கொண்டுசென்றேன். மாணவன் ஒருவன் அதனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஐயா, பாகிஸ்தான் காசில் தமிழ் எப்படி வந்தது?” என்றான். வகுப்பு முழுதும் எழுந்து சூழ்ந்துகொண்டது. உண்மைதான். இந்தியத் தாளின் பின்புறத்தில் அந்நாட்டு மொழிகள் பலவற்றில் தொகை எழுதப்பட்டிருந்தது. அவற்றுட் தமிழும் ஒன்று. மேலே ஒரு வரி சேர்த்தவர்கள் பின்புறத்திற் கைவைக்கவில்லை. ஆகவே, தமிழ் பேசும் மாகாணம் ஒன்றேனும் இல்லாத நாட்டின் முதற் காசிலே தமிழெழுத்துத் தங்கிற்று. அது உரிமையால் வந்ததன்று. வேலை மிச்சம் பார்த்ததால் வந்தது. எனினும் அம்மாணவர் முகத்திற் கண்ட மகிழ்ச்சியைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதே புறத்தில் வங்காள எழுத்தும் இருந்தது. அதன் கதை வேறு.

1948 ஒக்டோபரில், பாகிஸ்தான் தனக்கெனவே வடிவமைப்பித்த ஐந்து, பத்து, நூறு ரூபாத் தாள்கள் வெளிவந்தன. இலண்டனிலுள்ள டி லா ரூ அச்சகத்தின் வேலை. பிறையும் நட்சத்திரமும் திகழ, மன்னர் முகம் மறைந்த தாள்கள். சுதந்திர நாட்டின் காசு என்று பெருமையோடு நீட்டத்தக்கவை. ஆனால் அவற்றில் உருதுவும் ஆங்கிலமுமே உண்டு. இரவல் தாளில் இருந்த வங்காளம் சொந்தத் தாளில் இல்லை! நாட்டு மக்களுட் பாதிக்கு மேற்பட்டோரின் தாய்மொழி அது என்பதை நினைவிற் கொண்டு இவ்விரு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். அரசியல் வரலாற்று நூல் பல பக்கங்களிற் கூறுவதை அவை ஒரு பார்வையிற் கூறிவிடும்.

இதனை முன்னுணர்ந்து பேசியவர் ஒருவர் இருந்தார். கொமில்லாவைச் சேர்ந்த தீரேந்திரநாத தத்தர், 1948 பெப்ரவரி 25 ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையிலே, நாட்டின் 6 கோடி 90 இலட்சம் மக்களுள் 4 கோடி 40 இலட்சம் பேர் வங்காளி பேசுவோர் எனக் காட்டி, அம்மொழிக்கும் சபையில் இடம் கேட்டார். காசுக்கட்டளைப் பத்திரத்தைத் தன் மொழியிற் காணாத ஏழை உழவனின் இடர்ப்பாட்டையும் அவர் எடுத்துரைத்தார். சபை மறுத்தது. அடுத்த மாதமே டாக்காவில் ஜின்னா, அரசமொழி உருது ஒன்றே என்றார். 1952 பெப்ரவரி 21 இல் மொழி கேட்ட இளைஞர்மேற் துப்பாக்கி வெடித்தது. 1956 அரசியலமைப்பு இரு மொழிகளையும் ஏற்றது. 1957 இல் வெளிவந்த, ஜின்னாவின் உருவம் தாங்கிய நூறு ரூபாத் தாளில் வங்காள எழுத்தைக் காணலாம். அதே 1956 இல் நம் நாட்டில் நடந்ததை இப்பத்திரிகையின் வாசகர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் நம் தாள்களினின்று தமிழ் அப்போதும் அகலவில்லை. அதற்காக ஆறுதல் கொள்வதா என்று எனக்கு இன்றும் தெளிவில்லை.

சொல்லாராய்ச்சியில் விருப்புடையோருக்கு இங்கே ஒரு விருந்து உண்டு. இந்தியத் தாளாயினும் பாகிஸ்தான் தாளாயினும், வங்காளத்தில் எழுதும்போது ‘ரூபா’ என்று எழுதுவதில்லை. ‘டாக்கா’ என்றே எழுதுவர். நகரின் பெயரோடு இதனை மயங்கலாகாது. இது ‘டங்கம்’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. முத்திரையிட்ட நாணயம் என்பது பொருள். நாம் ‘தங்கசாலை’ என வழங்கும் சொல்லும் இதன் இனமே; தங்கத்தோடு உறவு கற்பிப்பது செவி செய்யும் மயக்கம். ‘அக்கசாலை’ என்ற நல்ல பழஞ்சொல் நமக்கு இருக்கவும் அதனை மறந்தது வேறு குறை. ஆக, வங்காளதேசம் பின்னர்த் தன் நாணயத்துக்குச் சூட்டிய பெயர் புதிதன்று. தாளின் ஓரத்தில் நெடுங்காலம் காத்திருந்த சொல்.

1971 மார்ச்சில் போர் மூண்டது. முதியவராயிருந்த தத்தர் அம்மாத இறுதியிற் படையினராற் கைதுசெய்யப்பட்டார், மீளவில்லை. கிழக்கிலே மக்கள் பாகிஸ்தான் தாள்கள்மேல் ‘ஜய் பங்ளா’ என்றும் ‘பங்ளாதேஷ்’ என்றும் றப்பர் முத்திரை குத்தினர். அவ்வாண்டு ஜூனில் அரசு நூறு, ஐந்நூறு ரூபாத் தாள்களைச் செல்லாதனவாக்கியது. விடுதலைக்குப் பின், 1972 மார்ச் 4 ஆம் நாள், ஒரு டாக்காத் தாளும் நூறு டாக்காத் தாளும் நாட்டின் படத்துடன் வெளிவந்தன. அவையும் இந்தியாவில் அச்சானவையே.

சேர்க்கத் தொடங்குவோருக்குச் சில கூறுவேன். வங்கிகளிற் கட்டுக்களை ஊசியாற் குத்தி வைத்ததால், அக்காலத் தாள்களில் இடப்புறத்தே துளை இருப்பது இயல்பு. அதற்காக வெறுக்க வேண்டா. கழுவி இஸ்திரி போட்ட தாளை வாங்க வேண்டா. ஒட்டுநாடா ஏட்டுக்குச் செல்லைப் போன்றது. 1948 ஏப்ரில் தாளில் ஏமாற்று மிகுதி: சாதாரண இந்தியத் தாளில் அந்த இரு வரிகளையும் பின்னர் அச்சிட்டு விற்பார் உளர். றப்பர் முத்திரையோ இன்னும் எளிது. மெய்யான முத்திரையாயின், தாள் பின்னர் மடிந்து மடிந்து, மடிப்பிலே மை தேய்ந்திருக்கும். பொய்யாயின், பழைய மடிப்பின் வெடிப்புக்குள் மை ஊறி ஓடியிருக்கும். உருப்பெருக்காடி ஒன்று போதும்.

நண்பர் ஒருவர் பரிசாகத் தந்த ‘ஜய் பங்ளா’த் தாள் ஒன்று என்னிடம் உண்டு. அதில் மை ஊறித்தான் இருக்கின்றது. உறையினுள்ளே ‘ஐயம்’ என்று ஒரு துண்டில் எழுதி வைத்திருக்கின்றேன். நண்பருக்கு இன்னும் சொல்லவில்லை.