மிதவைப் படகும் நீர்ச்சறுக்கும்

விசைப்படகின் பின்னே கயிற்றைப் பற்றி நீர்மேல் வழுக்கிச் செல்லும் நீர்ச்சறுக்கு, 1922-ஆம் ஆண்டில் அமெரிக்க இளைஞர் ரால்ஃப் சாமுவேல்சனால் தொடங்கப்பெற்றது. அந்தமானில், முன்னர் போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்திலும் நீர்விளையாட்டு வளாகம் உள்ளது. உருளைகளின்மேல் தளம் அமைந்த மிதவைப் படகுகளும் சறுக்குவோரையும், காற்றடைத்த வளையத்தில் அமர்ந்தோரையும் இழுத்துச் செல்லவல்லன.

இதிலுள்ள அபாயம் யாது? படகு திரும்புங்கால் அது சிறு வட்டத்திலும், கயிற்றின் முனையிலுள்ள வளையம் பெருவட்டத்திலும் செல்லக்கூடும். ஒரே நேரத்தில் மிகுந்த தொலைவைக் கடப்பதால் வளையத்தின் வேகம் படகினதை விஞ்சுகிறது. சறுக்குவோர் காலால் திசை மாற்றுவர்; வளையத்தில் இருப்போர்க்கு அஃது இயலாது. ஆதலின் திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தல் இன்றியமையாதது.

கயிற்றைக் கைப்பிடிக் கம்பியில் கட்டலாகாது. இழுவைக்கென அமைந்த கொக்கியிலேயே கட்டுதல் வேண்டும். ஓட்டுநர் முன்னே நோக்க, பின்னே நோக்க மற்றொருவர் வேண்டும். விழுந்தவரை ஏற்றுமுன் எந்திரத்தை நிறுத்துதல் வேண்டும். சுழல்விசிறி நொடியில் உறுப்பைத் துண்டிக்கும்.

அந்தமான் கரையோரம் பவளப்பாறைகள் மிகுதி. ஓத ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ 2 மீட்டர் வரை உண்டு. காலையில் ஆழமாயிருந்த இடத்தில் நண்பகலில் பாறை தலைகாட்டக்கூடும்.

2014 சனவரி 26 அன்று இந்நகரருகே அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழ்நாட்டினரும் அவர்களுள் பலர். ஆதலின் படகின் கொள்ளளவைக் கணக்கிடுங்கால் இழுக்கப்படுவோரையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். களைத்தோ காயமுற்றோ மீள்வோர்க்குப் படகில் இடம் இருத்தல் வேண்டுமன்றோ?