செல்போனும் பிரஜா சுதந்திரமும்

செல்போன் சட்டைப் பையில் சும்மா கிடப்பதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மை அதுவன்று. பேசாதிருக்கும் வேளையிலும் அது அவ்வப்போது அருகிலுள்ள கோபுரத்துக்கு ரேடியோ அலைகளின் மூலம் தன் இருப்பைத் தெரிவித்து வருகிறது. அவ்விதம் தெரிவிக்காவிடில் நமக்கு வரும் அழைப்பு நம்மை வந்தடையாது. ஆனால் இச்செய்தியைக் கோபுரம் மட்டுமன்றி, தகுந்த கருவியுள்ள எவரும் கேட்கக்கூடும் என்பதே நாம் ஆலோசிக்க வேண்டிய விஷயம்.

முன்காலத்தில் ஒவ்வொரு வகை அலைக்கும் தனித்தனி யந்திரம் வேண்டியிருந்தது. மென்பொருள் ரேடியோ அந்நிலையை மாற்றிவிட்டது. ஒரு சிறு கருவி அலையை வாங்கி எண்களாக மாற்றிக் கொடுக்கும். மற்ற வேலை யாவும் கம்ப்யூட்டரைச் சேர்ந்தது. மென்பொருளை மாற்றினால் ரேடியோவின் தொழிலும் மாறிவிடுகிறது. 2001-ம் வருஷத்தில் தொடங்கிய க்னூ ரேடியோ என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. டெலிவிஷன் பார்ப்பதற்காக விற்கப்பட்ட, சுமார் 20 டாலர் விலையுள்ள கருவி பலவித அலைகளையும் வாங்க உதவும் என்று 2012-ல் தெரியவந்தது.

இருக்குமிடம் எங்ஙனம் தெரிகிறது? அலை வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்வது. அது போய்வரும் நேரத்தை அளந்தால் தூரம் விளங்கும். பழைய 2ஜி முறையில் இவ்வளவு சுமார் 550 மீட்டர் படிகளாக இருந்தது. 4ஜி முறையில் அப்படி சுமார் 78 மீட்டராகக் குறுகிவிட்டது. அலை வரும் திசையையும் பல இடங்களிலிருந்து குறித்துக்கொண்டால், வட்டம் சுருங்கி ஒரு வீட்டில் வந்து நிற்கும்.

இதினும் கொடியது போலிக் கோபுரம். 2ஜி முறையில், செல்போன் தான் இன்னாரென்று கோபுரத்துக்கு நிரூபிக்க வேண்டும். கோபுரம் செல்போனுக்கு எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆகவே பலத்த குரலில் அழைக்கும் பொய்க் கோபுரத்தையும் செல்போன் நம்பிவிடுகிறது. 2010-ல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஓர் ஆராய்ச்சியாளர் சுமார் 1,500 டாலர் செலவில் இத்தகைய கோபுரத்தைச் சபையின் முன்பாகவே நடத்திக் காட்டினார். பின்வந்த முறைகளில் இக்குறை பெரும்பாலும் நீங்கியது. எனினும் 4ஜி-யிலும் சந்தாதாரரின் அடையாள எண்ணைக் கேட்டுப் பெற வழியிருந்தது. 5ஜி-யில்தான் அவ்வெண்ணை மறைத்து அனுப்பும் ஏற்பாடு வந்திருக்கிறது.

நிற்க. இக்கருவியால் நன்மையும் உண்டு. கோபுரமே இல்லாத மலையில் வழிதவறியவனை, ஆகாயத்தில் பறக்கும் சிறு கோபுரம் கண்டுபிடித்துவிடும். நார்வே தேசத்து மீட்பு ஹெலிகாப்டர்கள் இத்தகைய கருவியைத் தாங்கிச் செல்கின்றன. உயிரைக் காக்கும் வித்தையை யார் மறுப்பார்? ஆட்சேபம் வித்தையைப் பற்றியதன்று. அதை மறைவில் வைத்து உபயோகிப்பதைப் பற்றியது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 2008-ல் கலிபோர்னியாவில் வரி மோசடிக்காக ஒருவர் கைதானார். அவருடைய கம்ப்யூட்டரிலிருந்த செல்போன் டேட்டா கார்டின் அலையைப் பின்தொடர்ந்தே அதிகாரிகள் அவருடைய வீட்டை அடைந்திருந்தனர். போலிக் கோபுரத்தை உபயோகிக்கப் போவதாக வாரண்டு கேட்டபோது நீதிபதிக்கு விளக்கவில்லை. சிறையிலிருந்தபடியே தஸ்தாவேஜுகளை ஆராய்ந்து அவர் அந்த ரகசியத்தை வெளிக்கொணர்ந்தார். 2013-ல் அவருடைய ஆட்சேபத்தைக் கோர்ட்டு தள்ளிவிட்டது. மறு வருஷம் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் குற்றவாளிதான். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி குற்றவாளிகளுக்கு மட்டும் உரியதன்று. ஏனெனில் போலிக் கோபுரம் ஒருவனைத் தேடும்போது, தெருவிலுள்ள அத்தனை பேருடைய எண்களையும் வாரிக்கொள்கிறது. ஒரு திருடனுக்காக ஊர் முழுவதையும் சோதனை போடுவதற்கு இது சமானமல்லவா? பால்டிமோர் நகரப் போலீஸார் 2007 முதல் சுமார் 4,300 தடவை இதை உபயோகித்ததாக 2015-ல் கோர்ட்டில் சாட்சியம் வெளிவந்தது.

அதன் பின்னரே கட்டுப்பாடுகள் பிறந்தன. 2015 செப்டம்பரில் அமெரிக்க நீதி இலாகா, அவசர சந்தர்ப்பம் தவிர வாரண்டு பெறவேண்டுமென்று தன் அதிகாரிகளுக்கு உத்தரவிட்டது. அதே வருஷம் கலிபோர்னியா ராஜ்யம் சட்டமே இயற்றியது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு வேறொரு வழக்கில், கம்பெனிகள் வைத்திருக்கும் இருப்பிடக் குறிப்புகளைப் பெறவும் வாரண்டு தேவை என்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் ஒரு மனிதனின் 127 நாள் நடமாட்டம் 12,898 புள்ளிகளாகக் குறிக்கப்பட்டிருந்தது!

இலாகா உத்தரவும் சட்டமும் ஒன்றாகிவிடமாட்டா. இலாகா இன்று தந்ததை நாளை அதே இலாகா திரும்பப் பெறலாம். சட்டமோ ஜனப் பிரதிநிதிகளின் சபையைக் கடந்தே மாறவேண்டும். ஆகவே எந்தத் தேசத்திலும் பிரஜைகள் கேட்கவேண்டியவை இரண்டு: நீதிபதியின் அனுமதியின்றி இக்கருவி இயங்கலாகாது, சம்பந்தமில்லாதோரின் எண்கள் உடனே அழிக்கப்பட வேண்டும்.

தனிமனிதரும் சும்மா இருக்கவேண்டியதில்லை. பல புதிய ஆண்ட்ராய்ட் செல்போன்களில் 2ஜி-யை நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் அது வீட்டுக் கதவின் தாழ் போன்றதே. ஊருக்கு நீதி வேண்டுமானால் தாழ் மாத்திரம் போதாது. சட்டமும், அதை இடைவிடாது விசாரிக்கும் ஜனங்களும் வேண்டும்.