பாட்டி வீணை, தாத்தா கதை

தாத்தா சொத்து பேரனுக்கு என்பார்கள். நிலமாக இருந்தால் பங்கு போடுவார்கள். வீடாக இருந்தால் விற்றும் விடுவார்கள். ஆனால், பங்கு போடப் போடப் பெருகுகிற சொத்தும் உண்டு. பாட்டும் கதையும்தான் அவை.

அந்தச் சொத்தைப் பெற்ற இரண்டு குடும்பங்களைப் பற்றி இங்கே சொல்கிறோம். ஒன்று சென்னைக் குடும்பம். மற்றொன்று கல்கத்தாக் குடும்பம். இரண்டும் ஒரு சினிமாப் படத்தில் வந்து சேர்ந்தன!

வெள்ளிக்கிழமைக் கச்சேரி

சென்னை ஜார்ஜ் டவுனில் வாழ்ந்தவர் வீணை தனம்மாள். 1867-ல் பிறந்தவர். வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டிலேயே வீணை வாசிப்பார். பெரிய பெரிய வித்துவான்கள் எல்லாம் அங்கே வந்து உட்கார்ந்து கேட்பார்கள். அப்போது யாரும் சத்தம் போடக் கூடாது. வயதான காலத்தில் அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் வீணையை அவர் விடவில்லை.

அந்த இசையைக் கேட்டே பேரப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் புகழ் பெற்ற பாடகிகள் ஆனார்கள். பேரன் ரங்கநாதன் மிருதங்கம் வாசித்தார். இன்னொரு பேரன் விசுவநாதன் புல்லாங்குழல் வாசித்தார். இருவரும் அமெரிக்காவுக்குப் போய், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் இசையைக் கற்றுக் கொடுத்தார்கள்.

மற்றொரு பேத்திதான் நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி. 1925-ல், ஏழாவது வயதில், காஞ்சீபுரத்தில் அவருடைய அரங்கேற்றம் நடந்தது.

பரம்பரையாக ஆடி வந்த குடும்பத்துப் பெண்களை ஊர் இழிவாகப் பேசிய காலம் அது. பல குடும்பங்கள் ஆட்டத்தையே விட்டுவிட்டன. பாலசரஸ்வதி விடவில்லை. பதம் என்று ஒரு வகைப் பாட்டு உண்டு. காதலைச் சொல்லும் பாட்டு. மெதுவாக, உருக்கமாகப் பாட வேண்டும். தனம்மாள் வீட்டார் பதம் பாடுவதில் பெயர் பெற்றவர்கள். பாலசரஸ்வதி ஆடிக்கொண்டே பதம் பாடுவார். பாட்டி வீட்டுப் பாட்டு பேத்தியின் ஆட்டத்தோடு கடல் கடந்தும் போயிற்று.

பார்க்காத தாத்தா

1935-ல் பாலசரஸ்வதி கல்கத்தாவில் ஆடினார். பார்த்தவர்களில் 14 வயதுப் பையன் ஒருவனும் இருந்தான். அவன்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சினிமா டைரக்டர் சத்யஜித் ராய்!

ராயின் தாத்தா பெயர் உபேந்திரகிஷோர். குழந்தைகளுக்குக் கதை எழுதுவார். படம் வரைவார். வயலின் வாசிப்பார். 1913-ல் 'சந்தேஷ்' என்ற குழந்தைகள் பத்திரிகையைத் தொடங்கினார். ஆனால் அவர் 1915-லேயே காலமாகிவிட்டார். பேரன் பிறந்தது 1921-ல். தாத்தாவும் பேரனும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை!

பிறகு சொத்து எப்படிக் கைக்கு வந்தது? தாத்தா எழுதி வைத்துவிட்டுப் போனார். அதனால் வந்தது.

அவர் எழுதிய ஒரு கதை இது: கூபிக்குப் பாட வராது. பாகாவுக்கு மேளம் வாசிக்க வராது. இருவரையும் ஊரை விட்டே துரத்திவிடுகிறார்கள். காட்டில் பேய்கள் வரம் தருகின்றன. அதன்பின் அவர்கள் பாடினால், கேட்பவர்கள் அசையாமல் நின்றுவிடுவார்கள்!

"குழந்தைகளுக்கு ஒரு படம் எடுங்கள்" என்று ராயை அவர் மகன் சந்தீப் கேட்டான். ராய் தாத்தாவின் கதையை எடுத்தார். பாட்டுகளைத் தாமே எழுதி, தாமே இசை அமைத்தார். 1969-ல் படம் வெளிவந்தது. தாத்தாவின் கதை, பேரனின் இசை, கொள்ளுப் பேரனின் ஆசை!

இரண்டும் சேர்ந்தன

1976-ல் ராய் 'பாலா' என்ற படத்தை எடுத்தார். சுமார் அரை மணி நேரம் ஓடும் செய்திப் படம். அப்போது பாலசரஸ்வதிக்கு 60 வயது நெருங்கிக் கொண்டிருந்தது. கடற்கரையில், காற்றில் சேலை படபடக்க அவர் ஆடுவதை ராய் படம் பிடித்தார். வீணைப் பாட்டியின் பேத்தி ஆட, கதைத் தாத்தாவின் பேரன் படம் எடுத்தார்!

பாலசரஸ்வதி 1984-ல் மறைந்தார். அவருடைய பேரன் அனிருத்தாவும் நாட்டியக் கலைஞரே.

உங்கள் வீட்டில்?

எல்லாப் பாட்டிகளும் தனம்மாள் ஆக முடியாது. ஆனால் எல்லாப் பாட்டிகளிடமும் ஒரு பாட்டு இருக்கிறது. அது தாலாட்டாக இருக்கலாம். நடவுப் பாட்டாக இருக்கலாம். மணலைக் குவித்து உட்கார்ந்து, டெண்டுக் கொட்டகையில் பார்த்த படத்தின் பாட்டாகவும் இருக்கலாம். முதலில் பார்த்த படம் எது, யாரோடு போனோம், எந்த இடத்தில் அழுதோம் என்று தாத்தாவுக்கும் ஒரு கதை இருக்கும்.

சினிமாப் பாட்டு டெலிபோனிலேயே கிடைக்கிறது. தாத்தா அழுத கதை அதில் கிடைக்காது. பாட்டியின் தாலாட்டும் கிடைக்காது. கேட்டுக்கொள்ள ஆள் இல்லாவிட்டால், அவர்களோடு அதுவும் போய்விடும்.

தனம்மாளின் பேரப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். ராயின் தாத்தா எழுதி வைத்தார். இரண்டில் ஒன்று போதும். பிள்ளைகளைத் தாத்தா, பாட்டி பக்கத்தில் உட்கார வையுங்கள். அல்லது, அவர்கள் சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பாட்டியும் வீட்டில்தான் இருப்பார்!