மர விமானம் செய்வோம்: வால் சொல்லும் பாடம்

9-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்துபா நகரில் அறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் சிறகு கட்டிப் பறந்தார். வால் அமைக்காததால் இறங்கும்போது முதுகில் அடிபட்டது என்று வரலாற்றாசிரியர் அல்மக்கரி எழுதியுள்ளார். அந்தப் பாடத்தை நம் பிள்ளைகள் ரேடியோ கண்ட்ரோல் விமான கிட் மூலம் வீட்டிலேயே கற்கலாம்.

கிட்டில் பால்சா என்ற எடை குறைந்த மரத்துண்டுகள் இருக்கும். சமமான பலகையில் வரைபடத்தை விரித்து, துண்டுகளை அதன்மேல் குண்டூசியால் நிறுத்தி ஒட்ட வேண்டும். பலகை வளைந்திருந்தால் இறக்கை முறுகும். விமானம் ஒரு பக்கம் சாயும்.

வால் இருந்தால் மட்டும் போதாது; எடையும் சரியான இடத்தில் அமைய வேண்டும். மோட்டார், பேட்டரி எல்லாம் பொருத்திய பின், வரைபடம் காட்டும் இடத்தில் இறக்கையை இரு விரல்களால் தாங்குவோம். பெரும்பாலும் அது முன் விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தின் கால் பங்கைச் சற்றுத் தாண்டி இருக்கும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே நகர்த்த வேண்டும். வால் கனத்த விமானம் கட்டுக்குள் நிற்காது.

மோட்டாரைச் சோதிக்கும்போது விசிறியைக் கழற்றிவிடுவோம், விரல்கள் தப்பும். ஆளில்லாத திடலில், பெரியவர் துணையோடு மட்டும் பறக்கவிடுவோம். நிதானம் அல்லாஹ் விரும்பும் குணம் என நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். அதைப் பிள்ளைகள் கைவேலையிலும் பழகட்டும்.