எரிந்த நகரில் எழில்மிகு சோலைகள்

தாய்லாந்தின் தலைநகராகிய பாங்கொக்கிலிருந்து புகையிரதமேறி வடக்கு நோக்கிச் சென்றால், ஏறத்தாழ 75 கிலோமீற்றர் தூரத்தில் அயுத்தியா என்னும் பழம்பதியை அடையலாம். இராமபிரானின் அயோத்தியை நினைந்து பெயரிடப்பெற்ற இந்நகரம், 1351ஆம் ஆண்டில் இராமாதிபோதி என்னும் மன்னனால் நிறுவப்பெற்றது. சாவோ பிரயா, பாசாக், லொப்புரி ஆகிய மூன்று ஆறுகள் சூழ, நானூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சியாம் தேசத்தின் தலைநகராய்ப் பொலிந்தது. 1767ஆம் ஆண்டில் பர்மியப் படையினர் அதனைக் கைப்பற்றித் தீக்கிரையாக்கினர். இடிந்த மதில்களின் செங்கற்களும் பிற்காலத்திற் பாங்கொக் நகரைக் கட்டுவதற்காகப் படகேறிப் போயின.

மனிதர் கைவிட்ட இடத்தை மரங்கள் தமதாக்கிக் கொண்டன. இன்று அங்கு நாம் காணும் சோலைகளுட் பல, அவ்விடிபாடுகளின் நடுவே அமைந்தவை. ஆதலின், அங்கு செல்வோர் நிழலையும் மலரையும் மாத்திரமன்றி, மாண்டுபோன ஒரு நகரத்தின் நினைவையும் காண்கின்றனர்.

முதலிற் காணத்தக்கது நகரின் நடுவேயுள்ள பிரா ராம் பூங்காவாகும். முன்னாளிற் சதுப்பு நிலமாயிருந்த இவ்விடத்தில், கோயில்கள் எழுப்புவதற்காக மண் அகழப்பட்டமையாற் குளங்கள் தோன்றின. நகரை நிறுவிய மன்னனின் உடல் தகனஞ் செய்யப்பட்ட இடத்தில் எழுந்ததெனக் கூறப்படும் கோபுரமொன்று, அக்குளத்து நீரில் நிழலாடும் காட்சி மிக இரம்மியமானது. வெயில் தணிந்த மாலை வேளையில் சிறு பாலங்களின் மேல் உலாவுதல் இன்பந் தரும்.

அதற்கு அண்மையில் மகாதாத் விகாரை இருக்கின்றது. அங்கே, மரமொன்றின் வேர்கள் பின்னிப் பிணைந்து, புத்தர் சிலையின் சிரசொன்றை அணைத்தவாறு நிற்கின்றன. உடல் சிதைந்தும் அம்முகத்திற் சாந்தி குலையவில்லை. அதன்முன் படம் எடுத்துக்கொள்வோர், சிரசினும் உயர்ந்து நில்லாது தாழ்ந்து அமர்தல் வேண்டும் என்பது அங்குள்ள விதி.

நகரின் தென்மேற்கே, ஆற்றங்கரையை ஒட்டி, அரச அன்னையார் ஸ்ரீநகரிந்திராவின் பெயரால் அமைந்த பூங்கா உண்டு. தாய் மொழி இலக்கியங்களிற் சொல்லப்பட்ட மரஞ்செடிகளைத் தேடி நட்டு வளர்த்திருக்கின்றனர். ஏட்டில் வாசித்த மரத்தைப் பிள்ளைகள் நேரிற் கண்டு மகிழலாம்.

தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றர் சென்றால், பாங் பா-இன் அரண்மனைத் தோட்டத்தை அடையலாம். யானை வடிவாகக் கத்தரிக்கப்பட்ட செடிகளும், 1876ஆம் ஆண்டிற் குளத்தின் நடுவே அமைக்கப்பட்ட மண்டபமும் கண்ணைக் கவரும். ஆயினும், அழகிய அத்தோட்டத்திற் சோகச் சின்னமொன்றும் உளது. 1880ஆம் ஆண்டில் இவ்வரண்மனைக்கு வரும் வழியில், சூலலங்கோன் மன்னரின் தேவி சுனந்தா, படகு கவிழ்ந்து, தம் சிறு மகளுடன் நீரில் மூழ்கி இறந்தார். அவர் நினைவாகச் சலவைக்கற் தூணொன்றை எழுப்பிய மன்னர், தம் துயரைத் தாமே வாசகமாக எழுதி அதிற் பொறிப்பித்தார்.

நவம்பர் முதல் பெப்ரவரி வரையிலான காலமே அயுத்தியாவைக் காண ஏற்றது. மழைக்கால இறுதியில் ஆறுகள் பெருகுவதுண்டு. 2011ஆம் ஆண்டு வெள்ளத்தில் இப்புராதன நகரம் பல நாள் நீரில் நின்றது. விகாரைக்கும் அரண்மனைக்கும் செல்வோர், தோளும் முழங்காலும் மறைய உடுத்திச் செல்லுதல் முறையாகும்.

இலங்கையருக்கு இந்நகரம் அந்நியமானதன்று. கண்டியை ஆண்ட நாயக்கர் வமிசத்துக் கீர்த்திஸ்ரீ இராசசிங்கனின் வேண்டுகோளுக்கிணங்கி, 1753ஆம் ஆண்டில் உபாலி தேரர் தலைமையிற் பிக்குமார் அயுத்தியாவிலிருந்து திருகோணமலையில் வந்திறங்கினர். இலங்கையில் அற்றுப்போயிருந்த உபசம்பதா மரபு மீண்டும் தழைத்தது. அவர் வழிவந்தோரின் சங்கம் இன்றும் சியாம் நிக்காய என்றே வழங்குகின்றது. உபாலி தேரர் 1756ஆம் ஆண்டிற் கண்டியிலேயே காலமானார். அடுத்த பதினோர் ஆண்டுகளில் அவரை அனுப்பிய நகரம் சாம்பராயிற்று. அங்கிருந்து வந்த மரபோ, கண்டி மல்வத்தை விகாரையில் நிலைத்தது. மல்வத்தை என்னும் சிங்களச் சொல்லுக்குப் பூந்தோட்டம் என்பதே பொருள்.

ஆகையால், இங்கிருந்து அயுத்தியாவுக்குச் செல்வோர், நகரின் மேற்கே ஆற்றங்கரையிலுள்ள தம்மாராம் விகாரையையும் தரிசித்து வருவாராக. உபாலி தேரர் வாழ்ந்தது அங்கேதான்.