87 சதவீதம் சரி, ஆனா ஒரு குழாய்கூட இல்லை!

விழித்திரையின் படத்தைப் பார்த்திருப்பீங்க. ஆரஞ்சு நிற வட்டம், அதுக்குள்ள மரக்கிளை மாதிரி பிரிந்து பிரிந்து ஓடும் ரத்தக் குழாய்கள். இதில் எந்தப் புள்ளி குழாய், எது குழாய் இல்லை என்று கணினி பிரித்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இருட்டாக இருப்பதையெல்லாம் குழாய் என்று எடுத்துக்கொண்டால் என்ன? நடக்காது. வெளிச்சம் படம் முழுக்க ஒரே அளவில் விழுவதில்லை. பார்வையின் மையப் பகுதியே இயல்பாகக் கருத்துத்தான் இருக்கும்.

1998-ல் ஃப்ராங்கியும் அவருடைய குழுவும் நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பார்த்தார்கள். குழாயின் நீளவாக்கில் போனால் பிரகாசம் அதிகம் மாறாது. குறுக்கே போனால் சட்டென்று மாறும். ஒவ்வொரு புள்ளியிலும் இந்த இரண்டு மாற்றங்களையும் ஹெஸ்ஸியன் அணியின் ஐகன் மதிப்புகள் அளந்து சொல்லிவிடும். ஒன்று சிறிசு, இன்னொன்று பெரிசு என்றால் அங்கே குழாய் இருக்க வாய்ப்பு அதிகம். தடித்த குழாய், மெல்லிய குழாய் இரண்டும் சிக்க, பல அளவுகளில் இதையே திரும்பச் செய்வார்கள். சிக்கல் கிளை பிரியும் இடத்தில்தான். அங்கே ஒரே திசை என்று ஏதும் இல்லை, அதனால் வடிகட்டி தடுமாறும்.

2015-ல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்திலிருந்து யூ-நெட் வந்தது. விதியை நாம் எழுத வேண்டாம். மனிதர் கையால் குறித்த படங்களைக் காட்டினால் அதுவே கற்றுக்கொள்ளும்.

சரி, நன்றாகக் கற்றுக்கொண்டதா என்று எப்படித் தெரியும்? நெதர்லாந்தில் சர்க்கரை நோயாளிகளின் கண் பரிசோதனையில் எடுத்த 40 படங்கள் கொண்ட டிரைவ் தொகுப்பில் பலரும் சோதிப்பார்கள். அதில் குழாய்ப் புள்ளிகள் சுமார் 13 சதவீதம்தான். "எதுவுமே குழாய் இல்லை" என்று சொல்லும் ஒரு சோம்பேறி நிரலுக்குக்கூட 87 சதவீதம் கிடைத்துவிடும்! அவற்றில் பாதிப் படங்களை இன்னொரு மனிதர் குறித்தபோது முதலாமவரோடு ஒத்துப்போனது சுமார் 95 சதவீதம். ஆக, உண்மையான போட்டி 87-க்கு மேலேதான் ஆரம்பிக்கிறது.

அதனால்தான் டைஸ் என்ற அளவுகோல். இரண்டு குறிப்புகளும் எவ்வளவு ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன என்று அது பார்க்கும். சோம்பேறி நிரலுக்கு இதில் பூஜ்யம். ஆனா இதிலும் ஓட்டை உண்டு. மெல்லிய குழாய் நடுவில் நாலு புள்ளி விட்டுப்போனால் டைஸ் மதிப்பு அசையவே அசையாது. அந்த வரைபடத்தை வைத்து ரத்த ஓட்டத்தைக் கணக்கிட்டால், அந்த இடைவெளிக்கு அப்பால் ரத்தமே போகாது. 2021-ல் வந்த சிஎல்டைஸ், குழாயின் நடுக்கோட்டை ஒப்பிட்டு இந்த அறுபடலைப் பிடிக்கிறது.

இனி யாராவது "95 சதவீதம் துல்லியம்" என்று சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்க: சும்மா இருந்தாலே எவ்வளவு கிடைக்கும்? குழாய் அறுபடாமல் வந்ததா?